சாக்பீஸ் சிகரெட்

"சரி, குடுங்க" என்று கையை நீட்டினாள் அந்தப் பெண்.

ஏழாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

போதைப்பொருள் தடுப்பு வகுப்பு அது. ஆலோசகர் கெட்ட தோழியாக நடிப்பார். சாக்பீஸ்தான் சிகரெட். "தனியா ஏன் நிக்கறே? எங்ககூட வா, ஒரு தடவை இழுத்துப் பாரு" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் மறுத்துப் பழக வேண்டும்.

மற்றவர்கள் எல்லாரும் ஜோராக மறுத்தார்கள். "எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க" என்றவனுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

இவள் மட்டும் போன வாரமும் இதே "சரி, குடுங்க"தான் சொன்னாள்.

"ஏய் புதுசு, தீப்பெட்டி வேணுமா?"

கடைசி பெஞ்சிலிருந்து குரல். அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்து பாதி வருஷம் ஓடிவிட்டது. வகுப்புக்கு அவள் இன்னும் புதுசுதான்.

வகுப்பாசிரியை ஆலோசகரின் காதைக் கடித்தார். "பார்த்தீங்களா? இது பழகின கை. அப்பாவை வரச்சொல்லி டி.சி.யைக் கையில குடுத்துட வேண்டியதுதான். இல்லேன்னா மத்ததுங்களையும் சேர்த்துக் கெடுத்துடும்."

ஆலோசகருக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்த முகத்தில் திமிர் துளிகூட இல்லாதது உறுத்தியது.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். நான் பேசிப் பார்க்கறேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. தோளில் கை போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே ஓடினார்கள். அவள் மட்டும் பெஞ்சிலேயே டப்பாவை எடுத்து வைத்தாள். வாசலில் யாரும் அவளுக்காக நிற்கவில்லை.

ஆலோசகர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லும்மா, திட்ட மாட்டேன். சிகரெட் பிடிச்சிருக்கியா?"

"ஐயோ, இல்லை மிஸ்! அந்த நாத்தமே எனக்கு ஆகாது."

"அப்போ வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? டீச்சர் உன்னை ஸ்கூலை விட்டே அனுப்பப் பார்க்கறாங்க, தெரியுமா?"

அவள் டப்பா மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"சொல்லணும்னுதான் மிஸ் எழுந்து வந்தேன். ரெண்டு வாரமும்."

"பின்னே என்ன?"

"இங்கே சேர்ந்ததிலேருந்து என்னை 'எங்ககூட வா'ன்னு கூப்பிட்டது நீங்க மட்டும்தான். அதுக்குப் போய் எப்படி மிஸ் மாட்டேன்னு சொல்றது?"