வேடிக்கை பார்க்க வந்தவன்

"ஒங்க அண்ணன் எதுக்குளா இங்கன வந்து குத்த வச்சிருக்கான்? ஒத்தாசைக்கா, வேடிக்கைக்கா?"

மதிலுக்கு மேலே தலையை நீட்டி பக்கத்து வீட்டு அற்புதமணி கேட்டபோது பேபிக்கு முகம் சுண்டிவிட்டது.

"எனக்கென்னக்கா தெரியும்? நான் கூப்பிடல."

முற்றத்து மணலில் பழைய வேன் நின்றது. முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடல் கல்லை அடுக்கி, அதன்மேல் வண்டியை ஏற்றி வைத்திருந்தான் பேபியின் புருஷன் அம்புரோஸ். தீவுப் பக்கமிருந்து வெட்டி வள்ளத்தில் வருகிற பவளப்பாறைக் கல். ஊரில் பாதிச் சுவர் அதுதான்.

வேனுக்கு அடியில் குறுக்காக மல்லாந்து கிடந்தான் அம்புரோஸ். தலை பேபி இருந்த பக்கம். கால் அந்தப் பக்கம். கால்மாட்டில், மதிலில் முதுகைச் சாய்த்தபடி அவள் அண்ணன் சந்தியாகு.

பட்டறையில் ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். நாளை விடியக் கீழவைப்பாருக்கு மீன் ஏற்றப் போயாக வேண்டும். போகாவிட்டால் வியாபாரி வேறு வண்டி பார்த்துவிடுவார்.

"பட்டறையில பக்கத்துல நின்னு பாத்திருக்கேம்லா? கியர் பாக்ஸை எறக்கணும், கிளட்ச் பிளேட்டை மாத்தணும், திரும்ப ஏத்தணும். அம்புட்டுதான" என்று காலையில் அம்புரோஸ் சொன்னான்.

அந்த 'அம்புட்டுதான'வைப் பேபி நம்பவில்லை. கடலைத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு வண்டியைத் தெரியாது.

சங்கு குளித்துக்கொண்டிருந்தவன் அவன். அவனும் சந்தியாகுவும் ஒரே வள்ளம். "புதுத் துறைமுகம் வந்துட்டு மச்சான், இனி சக்கரத்துக்குத்தான் காலம்" என்று ஒருநாள் வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "அப்போ கடலும் வேண்டாம், நானும் வேண்டாம், என்ன?" என்று சந்தியாகு கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இன்றைக்கு வண்டி படுத்ததும் வந்து உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. பேபி அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் காபியை மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். அதையும் எடுக்கவில்லை.

"ஏளா, அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

குனிந்து நீட்டினாள். அவன் கையெல்லாம் கிரீஸ். நெற்றியில் மண்.

"பாத்துங்க. வண்டி ஆடுத மாதிரி இருக்கு."

"ஒனக்குத்தான் தல ஆடுது. சும்மா இரு."

பழைய பிளேட் சுரண்டித் தீர்ந்த தேங்காய் மூடி மாதிரி வெளியே வந்தது. புதுசு உள்ளே போனது. இனி கியர் பாக்ஸை ஏற்ற வேண்டும். ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் கியர் பாக்ஸ். பேபி மண்டியிட்டு ஜாக்கிக் கம்பியைச் சுற்றினாள்.

"சுத்து... இன்னும் கொஞ்சம்... நில்லு, நில்லு! சரியுது!"

கியர் பாக்ஸ் பலகையிலிருந்து நழுவி அவன் நெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு மூச்சு முட்டக் கிடந்தான்.

"அண்ணே! ஓடி வந்து ஒரு கை குடேன்!"

"மாட்டேன்."

ஒரே வார்த்தை. உட்கார்ந்த இடத்திலிருந்து அசையக்கூட இல்லை.

"அடப்பாவி! கூடப் பொறந்தவனா இவன்?" என்றாள் அற்புதமணி.

பேபிக்குத் தாங்கவில்லை. "அவரு கெடந்து சாகுதாரு, நீ மதில்ல சாஞ்சு பாத்துக்கிட்டு இருக்கியா? எந்திரிச்சுப் போ! இனி என் வாசல்ல கால் வைக்காத!"

அடியிலிருந்து அம்புரோஸின் குரல் திணறி வந்தது.

"அவன் அங்கனயே இருக்கட்டும். நீ சுத்து."

அழுதுகொண்டே சுற்றினாள். கியர் பாக்ஸ் மெல்ல நிமிர்ந்தது. ஒரு தள்ளு தள்ளினான். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒரு போல்ட், இரண்டாவது போல்ட், மூன்றாவது.

"முடிஞ்சிட்டு ளா! நாளைக்கு வண்டி..."

கல்லிலிருந்து மாவு மாதிரி ஏதோ உதிர்வதைப் பேபி பார்த்தாள். வெள்ளையாக, சன்னமாக. அடுத்த நொடி அந்தக் கல் நொறுங்கியது.

"மாதாவே!"

வேன் மணலில் வந்து விழுந்தது. புழுதி அடங்கவே இல்லை. பேபி விழுந்தடித்து அந்தப் பக்கம் ஓடினாள்.

மதிலடியில் அம்புரோஸ் இருமிக்கொண்டு கிடந்தான். முழுசாக. முதுகெல்லாம் சிராய்ப்பு. இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை சந்தியாகுவின் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. தோல் உரிந்து ரத்தம் சொட்டியது.

பேபி அந்தக் கயிற்றையே பார்த்தாள். கடலில் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்றுதான். கயிறு பிடித்தவன், முங்கினவன் மேலே வருகிறவரை வேறு எதையும் தொடக் கூடாது. அவளுக்குத் தெரியாத வழக்கமா? கரையில், ஒரு வேனுக்கு அடியில், யார் அதை நினைப்பார்கள்?

"அண்ணே... நீயாத் தெரிஞ்சு வந்தியா?"

சந்தியாகு அம்புரோஸின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்து கயிற்றைப் பிரித்தபடியே சொன்னான்.

"நானா ஏன் வாறேன்? காலையிலயே கயத்தக் குடுத்தனுப்பிட்டான். பேச்சு மட்டும் இன்னும் கெடையாது."