வடிகட்டியில் சாக்கு நார்

தொழிற்சாலை வாசலில் நால்வர் நிற்கிறோம்: நான், டிராக்டர் ஓட்டும் என் மகன் தவசீலன், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, ஹட்டன் மெக்கானிக் ஜீவராஜ். தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிரெய்லர் பெட்டி விரற்கடைகூட எழும்பவில்லை. ஹைட்ராலிக் பம்ப் வெறும் வயிற்றோடு முனகுகிறது. "பம்பு செத்துப்போச்சுங்க. ஒங்க மகன் ஓட்டுன லட்சணம்," என்கிறார் ஜீவராஜ், பக்கக் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டே. "அப்புடின்னா தவசீலனுக்கு நாளைக்கு வேல இல்ல," என்கிறார் கண்டாக்கு. "கழட்டிப் பாக்காமலே செத்துருச்சா, தம்பி? நாடியாவது புடிச்சீங்களா?" என்கிறேன். தவசீலன் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றுகிறான். எண்ணெய்த் தொட்டியின் தொலைந்த மூடிக்குப் பதிலாக ஜீவராஜ் போன மாதம் அடைத்த கொழுந்துச் சாக்கின் நார், மழைநீரில் வெளுத்த எண்ணெயில் ஊறி வலையை அடைத்திருக்கிறது. அதை வழித்து, ஜீவராஜின் சீப்பு பிடித்த கையிலேயே வைக்கிறேன். ஆனாலும் மாலைக்குள், என் மகன் குடித்துவிட்டுப் பம்பை உடைத்தானென்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. பம்ப் உடையவில்லை. அவன் குடிப்பதில்லை.