பகை காட்டும் வாசல்

ஆப்பிரிக்காவின் அந்த ஏரிக்கரை ஊரில் ஓட்டுப் போட அடையாள அட்டை மட்டும் போதாது. மனசில் பகையும் இருக்கக் கூடாது. கலவரம் ஓய்ந்த கையோடு வந்த சமாதானச் சட்டம் அது. சாவடி வாசலில் உள்ள கருவி, பகையோடு வருபவர்களுக்குச் சிவப்பு விளக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.

போன தேர்தலில் அபியோவை அப்படித்தான் அனுப்பியது. இந்தத் தடவை விடுவதில்லை என்று மாதக்கணக்கில் பழகியிருந்தாள். செத்துப்போன புருஷன் நினைப்பு வந்தால், சட்டென்று தன் ஆட்டுக்குட்டிகளை நினைத்துக்கொள்வாள். விடிவதற்குள் வந்து, ஊர் வழக்கப்படி ஒரு கல்லை வைத்து வரிசையில் இடமும் பிடித்துவிட்டாள்.

கல்லைக் காலால் நகர்த்திக்கொண்டே அவள் வாசலை நெருங்கும்போது வேட்பாளர் ஒடேரோ வந்தான். அவள் புருஷனை வீட்டோடு வைத்துக் கொளுத்திய கூட்டத்தின் தலைவன். வரிசையில் நின்ற விதவைகளை மட்டும் தேடித் தேடிக் கைகுலுக்கினான்.

"சௌக்கியமா அக்கா? அண்ணன் இருந்திருந்தா எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பார்."

ஆட்டுக்குட்டிகள் சிதறி ஓடின. அபியோ வாசலில் கால் வைத்ததும் சிவப்பு எரிந்தது.

அடுத்து ஒடேரோ நுழைந்தான். பச்சை.

"பார்த்தீங்களாம்மா?" என்றார் தேர்தல் அதிகாரி. "இத்தனை பேர் ஏசியும் அவர் மனசுல துளிப் பகை இல்லை. நீங்களும் கத்துக்கணும்."

அபியோ குனிந்து தன் கல்லை எடுத்தாள். அதிகாரி ஓரடி பின்வாங்கினார். அவளோ அடுத்த தேர்தலுக்கு ஆகுமென்று அதை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

"அவன் வீட்டுல யாரையும் நான் கொளுத்தலையே ஐயா. அவன் எதுக்கு என்மேல பகை வைக்கப்போறான்?"