திரௌபதிக்கு ஆள் தேவை

“உள்ள போகவே காலு வரலீங்கக்கா. கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்துக்கட்டுமா?”

களி கிண்டிக்கொண்டிருந்த கெம்பம்மா துடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஓசூர் சந்தைத் திடலில் போட்டிருந்த நாடகக் கொட்டகையின் பின்புறம், அவளுடைய அடுப்பு ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். ஊதாப் புடவை, இழுத்து முடிந்த கொண்டை, நெற்றியில் வட்டப் பொட்டு. முகமெல்லாம் வியர்வை.

“உட்காரு தாயீ. யாரைப் பார்க்கணும்?”

“மேனேஜரைத்தான். திரௌபதி வேஷத்துக்கு ஆள் தேடறாங்கன்னு காவேரிப்பட்டணத்துல பேசிக்கிட்டாங்க. பஸ் ஏறி வந்துட்டேன்.” பயத்தில் குரல் எழும்பாமல் குசுகுசுவென்று வந்தது.

கெம்பம்மாவுக்குப் பாவமாக இருந்தது. இந்தக் கம்பெனிக்குச் சமைத்துப் போட்டே தலை நரைத்தவள் அவள். இங்கே யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் அவ்வளவு தூரம் வந்தவளை எடுத்த எடுப்பில் நோகடிக்க மனசு வரவில்லை. முதலில் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று நினைத்தாள்.

“முன்ன எங்கயாச்சும் ஆடியிருக்கியா?”

“ஊர்த் திருவிழாவுல ஆடினேன்க்கா. நான் அழுதேன், சனம் சிரிச்சது. அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே நிக்குது. வசனமெல்லாம் தலைகீழாப் பாடம். ஆனா மேடையில போய் நின்னா, இவ திரௌபதியான்னு நினைப்பாங்களேன்னு உதறல் எடுக்குது. கண்ணாடி பார்த்தா எனக்கே நம்பிக்கை வரமாட்டேங்குது.”

“கண்ணாடி கிடக்குது. மூக்கும் முழியுமா லட்சணமாத்தானே இருக்கே. சும்மா உட்கார்ந்தா பயம்தான் வரும். இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடு.”

கீரைக்கட்டு கைக்கு வந்ததும் அந்தப் பெண் விழித்தாள். தண்டைத் தட்டில் போட்டுவிட்டு இலையைக் கீழே போட்டாள். கெம்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நல்லா வளர்த்தாங்கடி உன்னை.”

“ஐயோ, தெரிஞ்சுபோச்சாக்கா?” அவள் முகம் வெளுத்துவிட்டது.

“தெரியாம என்ன? இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாமே இப்படித்தான். போற வூட்டுல மாமியார் சொல்லிக்குடுப்பா.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதுவும் கொஞ்ச நேரம்தான்.

“வேணாம்க்கா. நான் திரும்பிப் போயிடறேன். இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் செத்தாலும் மேடை ஏற மாட்டேன்.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. வேஷத்தின் மேல் இவ்வளவு உயிரை வைத்திருப்பவளை, விஷயம் தெரிந்தும் உள்ளே அனுப்பி அவமானப்பட விடுவதா? கெம்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி தாயீ, இனியும் மறைச்சா எனக்குத்தான் பாவம். இந்தக் கம்பெனியில பொம்பளைங்களைச் சேர்க்கறதே இல்ல. திரௌபதியில இருந்து தோழி வரைக்கும் ஆம்பளைங்கதான் வேஷம் கட்டறாங்க. அவங்களுக்குப் புடவை கட்டி, கொண்டை வெச்சு, நடக்கச் சொல்லிக்குடுக்கறதே நான்தான். எந்த வேஷமும் என் கண்ணுக்குத் தப்பாது. பொண்ணாப் பொறந்துட்ட உனக்கு இங்க வழியில்ல. சாப்பிட்டுட்டு வூட்டுக்குப் போ.”

அழப்போகிறாள் என்று கெம்பம்மா முந்தானையை எடுத்தாள். அந்தப் பெண்ணோ வாய் கொள்ளாமல் சிரித்தாள். குனிந்து கெம்பம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“என்னாடி இது? சேர்க்க மாட்டாங்கன்னு சொல்றேன், இளிக்கிறியே.”

“நீங்களே சொல்லிட்டீங்கல்லக்கா. இனிமே எனக்கு என்ன பயம்?”

புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேனேஜர் இருந்த பக்கம் அவள் விடுவிடுவென்று நடந்தாள். கெம்பம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

“பேரையாவது சொல்லிட்டுப் போடி, பைத்தியக்காரி.”

“நாராயணப்பன்க்கா” என்று கணீரென்ற ஆண்குரல் பதில் சொன்னது.