அசையாமல் இருந்தவர்

ஷார்ஜா ரோலாவில் குடியிருக்கும் சாப்ட்வேர் என்ஜினீயர் உமாபதி, தன் வீட்டுக்குள் ஒரு கேமராவைக்கூட விட்டதில்லை.

"ஆபீஸ்ல இருந்தே குழந்தையைப் பார்த்துக்கலாம்ங்க. ஒண்ணே ஒண்ணு மாட்டுவோம்" என்று மனைவி பிருந்தா அன்றும் கெஞ்சினாள்.

"வீட்டு மனுஷங்களையே வேவு பார்க்கிறதா? அந்தப் பேச்சே வேண்டாம்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சவுதி ஜுபைலில் இருந்து அண்ணன் பாலகுருவின் போன் வந்தது. பன்னிரண்டு வருடம் வெயிலில் குழாய் தூக்கி அவனைப் படிக்க வைத்தவர்.

"வேலை போச்சுடா தம்பி. கலாஸ், முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க."

"என்னண்ணே ஆச்சு?"

"சைட்ல புதுசா கேமரா வச்சிருக்கான். மூணு நிமிஷம் அசையாம இருந்தா, சும்மா இருக்கான்னு கம்ப்யூட்டரே எழுதிடுது. முட்டி வலிக்குதேன்னு அப்பப்ப நிழல்ல உட்கார்ந்தேன். ஒரே மாசத்துல நாப்பது தடவையாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பிருந்தாவுக்குக் கண் கலங்கியது. "மூணு நிமிஷமா! மாமா, எந்தப் பாவி இப்படி ஒரு கணக்கு வச்சான்?"

"அவனைச் சொல்லி என்னம்மா? அவனும் சம்பளத்துக்குச் செய்யறவன்தானே" என்றார் பாலகுரு.

அந்தக் கம்பெனி கேட்டது பத்து நிமிடம்தான். "பத்து ரொம்ப அதிகம், மூணு போதும்" என்று மீட்டிங்கில் அடித்துப் பேசி, அந்த புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் உமாபதி.