நிற்காமல் ஓடிய பஸ்

மனைவி ஜெனிற்றாவைக் கைகளில் ஏந்தியபடி கிரான்குளம் வீதியின் நடுவிலேயே போய் நின்றான் பிறின்ஸ். வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"புள்ளைக்கு என்ன?" என்று கொண்டக்டர் குதித்திறங்கினார்.

"பேச்சு மூச்சில்ல அண்ணன்! கல்லடிக்குக் கொண்டு போகணும்."

உள்ளே ஒரு முழு இருக்கையே காலியானது. காத்தான்குடியில் இறங்கவேண்டிய உம்மா ஒருவர் ஜெனிற்றாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் எங்கும் நிற்காமல் பறந்தது. காத்தான்குடி கடந்துபோனபோதும் அந்த உம்மா எழும்பவில்லை.

கல்லடி வந்ததும், "இதில இறக்கி விடுங்க" என்று கெஞ்சினான் பிறின்ஸ்.

"இஞ்ச சின்ன கிளினிக்கில காட்டி உயிர விடவா? பெரியாஸ்பத்திரி வாசலிலேயே விடுறன்" என்றார் டிரைவர்.

ஜெனிற்றா கண்ணைத் திறந்தாள். "எனக்கு ஒண்டுமில்ல, இறக்குங்க!" என்று கதறினாள்.

"புள்ள நினைவில்லாமப் பிசத்துது. கெதியா விடுங்க!" என்றார் உம்மா.

பஸ் கல்லடியைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் தாதி ஓடி வந்தாள். "என்ன வருத்தம்?"

"நடக்க ஏலாது" என்றாள் ஜெனிற்றா.

"எப்ப இருந்து?"

"பிறந்ததில இருந்து."

ஜெனிற்றா விம்மினாள். "கல்லடியில எனக்கு வேலைக்கு இன்டர்வியூ. என்ட வீல்செயரக் கண்ட பஸ் ஒண்டும் நிக்கல்ல. அதான் அத ரோட்டோரச் செடிப் பத்தைக்குள்ள மறைச்சுப்போட்டு, சாகக் கிடக்கிற மாதிரி வந்தன்."

டிரைவர் பதறிப்போனார். "ஏறுங்க புள்ள, திருப்பிக் கொண்டு விடுறன்!"

"கடைசி ஆளையும் கூப்பிட்டு முடிச்சிருப்பாங்க, அண்ணன்."