துப்பிட்டா!

"இன்னைக்கும் துப்பிட்டாம்மா. ஒரு வாய்கூட உள்ள போகல."

காப்பகத்து அக்கா சொல்லி முடிப்பதற்குள், குழந்தையைக் கூட்டிப்போக வந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க!"

"என்னம்மா பண்றது? கரண்டியைப் பார்த்தாலே நாக்கை நீட்டிடறா. நீங்க வீட்ல கொடுத்துப் பாருங்களேன். இப்ப நல்ல பசியோட இருக்கா."

கழுவித் துடைத்த கிண்ணத்தை அக்கா நீட்டினாள். அவள் வெடுக்கென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாண்டுக்கு ஆறு மாதம் முடிந்து நாலு நாள். "இனிமே பாலோட திட உணவும் ஆரம்பிங்க. ஒரு காய், மூணு நாள். வயிறு மெதுவாப் பழகட்டும். வெளிக்குப் போறது எப்படி இருக்குன்னு மட்டும் கவனிங்க" என்றிருந்தார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து மசித்த கேரட்டோடு அவளும் கணவனும் உட்கார்ந்தார்கள். அப்பா சட்டைக்குக் கொஞ்சம், சுவருக்குக் கொஞ்சம் போனது. வாண்டுக்குள் ஒரு துளி போகவில்லை. திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து வீடு வருவதற்குள் தூங்கிவிட்டாள். இன்றைக்கு இப்படி.

வாசலில் வண்டியோடு காத்திருந்த கணவனிடம் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள் அவள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூட மன்னிக்க மாட்டாள்.

"அந்த அக்காவுக்கு ஊட்டவே தெரியலைங்க. வாயில திணிக்கிறாங்க போல. ஆளை மாத்தச் சொல்லி எழுதிப் போடப் போறேன்."

"ரெண்டு நாள்தானே ஆச்சு, விடேன்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களைத் தினமும் பார்ப்பவன். வீட்டில் அவனே முழிப்பான்.

வந்ததும் அவள் கேரட்டோடு சமையலறைக்குள் போனாள். அவன் வாண்டைக் கட்டிலில் போட்டு டயபரைப் பிரித்தான்.

ஆரஞ்சு நிறம்!

குனிந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. இத்துனூண்டு கேரட் துணுக்குகள்கூடத் தெரிந்தன.

ஞாயிறு ஒரு துளி இறங்கவில்லை. நேற்றும் இன்றும் துப்பிவிட்டாளாம். அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?

பொய்! ரெண்டு நாளாக முகத்துக்கு நேராகப் பச்சைப் பொய்!

அவனுக்குச் சுள்ளென்று வந்தது. வாண்டைத் துடைத்து, புது டயபர் மாட்டி, தூக்கிக்கொண்டு சமையலறைக்கு விரைந்தான்.

"இங்க பாரு, ஒரு விஷயம்..."

"இருங்க, இருங்க. ஆறிடப் போகுது. ஆ காட்டுடி கண்ணு, ஆ..."

அவன் வாயைத் திறப்பதற்குள் வாண்டு வாயைத் திறந்தாள்.

கரண்டி உள்ளே போனது. உதட்டைக் குவித்தாள். யோசித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் 'ஆ'.

"முழுங்கிட்டா! என்னங்க, முழுங்கிட்டாங்க!"

அவள் கத்திய கத்தலில் வாண்டு ஒரு நொடி பயந்துபோய், பிறகு சிரித்தாள். அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. ஐந்தாவது கரண்டியில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பகலெல்லாம் யார் கையிலயோ விட்டுட்டுப் போறோமே, எல்லாமே நான் இல்லாதப்பதான் நடக்கப் போகுதுன்னு நினைச்சேன். இதையாவது என் கண்ணால பார்த்துட்டேங்க... ஆமா, என்னமோ விஷயம்னீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"டயபர் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

அவள் தங்கைக்கு போன் பண்ணினாள். அம்மாவுக்குப் பண்ணினாள். அந்த வேகத்திலேயே காப்பகத்துக்கும் ஒரு புகார் தட்டி அனுப்பினாள். 'ரெண்டு நாளில் உங்கள் ஆளால் முடியாததை நான் ரெண்டு நிமிடத்தில் செய்தேன்' என்று. அவன் தடுக்கப் போய், என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நின்றான்.

மறுநாள் காலை வாண்டைக் காப்பகத்தில் விட அவன்தான் போனான். கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டது வேறு ஒரு பெண். அக்கா பின்கட்டில் மலைபோலக் குவிந்திருந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை இங்க மாத்திட்டாங்களா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டான்.

"ஆமா சார். நேத்து அம்மா எழுதியிருந்தாங்களாம்."

அவன் குரலை இறக்கினான். "நேத்து டயபர் மாத்தினது நான்."

அக்காவின் கை நின்றது.

"எத்தனை கரண்டி சாப்பிட்டா?"

"முந்தாநாள் மூணு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேத்து கிண்ணத்தையே வழிச்சுட்டா சார். வாலு!"

"சிரிக்காதீங்க. எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் அவசரமாக.

"இல்ல."

"நல்லவேளை. சொல்லிடாதீங்க சார்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபமும் முழுசாக வரவில்லை. "ஊட்டத் தெரியாதவங்கன்னு பேர் வாங்கிட்டு இங்க துண்டு மடிச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் இப்பவே ஆபீஸ்ல போய் நடந்ததைச் சொல்றேன்."

"ஐயோ, வேண்டாம் சார். ஒரு வாரத்துல ஆபீஸ்லயே திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

அக்கா அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

"நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு சார். இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட முதல் வாயை எங்கிட்ட முழுங்கினதே இல்ல. எல்லாம் அவங்கவங்க அம்மாகிட்டதான்."